சரியாகக் கணித்தும் இழந்தவர்: தனிநிறுவனமாதல் பேச்சும் இரவல் விற்பனையின் இடரும் – டெஸ்லா, ஆகஸ்ட் 2018

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பங்கின் விலை குறையும் என எதிர்பார்த்து, பிறரிடம் இரவல் பெற்ற பங்கை முதலில் விற்றுப் பின்னர் வாங்கித் திருப்பும் முறை ‘ஷார்ட் செல்லிங்’ எனப்படுகிறது. இம்முறையில் ஈடுபடுவோர் தம் கணிப்பு பிழையாகும்போது மட்டுமே இழப்படைகின்றனர் என்பது பரவலான கருத்து. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனத்தைப் பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து விலக்கித் தனிநிறுவனமாக்குவது குறித்து 2018 ஆகஸ்ட் மாதத்தில் எழுந்த பேச்சினையும், அப்போது நிகழ்ந்த விலை மாற்றங்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. கணிப்புச் சரியாக இருந்தாலும், அது மெய்ப்படும்வரை காத்திருக்கும் கால அளவு இரவல் விற்பனையாளரின் கையில் இல்லை என்பதும், தனிநிறுவனமாதல் பற்றிய ஓர் அறிவிப்பு அக்கால அளவையே தாக்குகிறது என்பதும் இங்கு எளிய கணக்குகளின் வழி விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இரவல் விற்பனை, பிணைத்தொகை, தனிநிறுவனமாதல், நிகழ்தகவு, டெஸ்லா, பங்குச்சந்தை ஒழுங்குமுறை.

முன்னுரை

பங்குச்சந்தையில் விலை ஏறும் என நம்புவோர் பங்கை வாங்குகின்றனர். விலை இறங்கும் என நம்புவோர் செய்யக்கூடியது என்ன என்னும் வினா சந்தையின் தோற்றக் காலத்திலிருந்தே உள்ளது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் ஆம்ஸ்டர்டாமில் கைமாறிய தொடக்க ஆண்டுகளிலேயே, 1609-ஆம் ஆண்டளவில், ஐசக் லெ மேர் என்னும் வணிகரும் அவருடைய கூட்டாளிகளும் தம்மிடம் இல்லாத பங்குகளை விற்றனர். 1610-இல் அங்கு அத்தகைய விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆகவே, இவ்வகை விற்பனையும் அதன்மீதான ஐயமும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை எனலாம்.

பொருளியல் நூல்கள் இவ்விற்பனையை விளக்கும்போது, விலை இறங்கினால் ஆதாயம், ஏறினால் இழப்பு என்னும் இருநிலைப் படத்தையே பெரும்பாலும் தருகின்றன. இழப்புக்கு வரம்பில்லை என்னும் எச்சரிக்கையும் உடன் வரும். இவை பிழையானவை அல்ல. எனினும், விற்றவர் எப்போது கணக்கை முடிக்க வேண்டியவராகிறார் என்பதை இப்படம் காட்டுவதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். டெஸ்லா நிகழ்வு இதற்கென எடுத்துக்கொள்ளப்பட்டமைக்கு இரு காரணங்கள் உள. அப்பங்கு ஏற்ற இறக்கம் மிகுந்தது. அறிவிப்பு எழுந்த நேரம், விலைகள், பின்னர் வெளிவந்த உண்மைகள் ஆகிய அனைத்தும் பொது ஆவணங்களில் பதிவாகியுள்ளன.

1. கலைச்சொல் விளக்கம்

‘ஷார்ட் செல்லிங்’ என்பதை இக்கட்டுரை ‘இரவல் விற்பனை’ எனக் குறிக்கிறது. இரவல் என்பது பெற்ற பொருளையே திருப்பித் தருவதைச் சுட்டும் சொல். பங்கு விற்பனையிலோ, பெற்ற அதே பங்கு திரும்புவதில்லை. அதே நிறுவனத்தின், அதே எண்ணிக்கையிலான வேறு பங்குகள் திரும்புகின்றன. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் எதிர்கொடுக்கும் இக்கொடுக்கல் வாங்கலுக்குத் தமிழில் பழஞ்சொல் ஒன்று உண்டு. திருக்குறளின் ஈகை அதிகாரத்தில் இடம்பெறும் ‘குறியெதிர்ப்பை’ என்பதே அது. இன்றைய வாசகர்க்கு எளிதாதல் கருதி ‘இரவல்’ என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது, பொருள் குறியெதிர்ப்பையே.

அளவு குறித்துப் பெற்றவர் அந்த அளவையே தர வேண்டும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. நூறு பங்கு பெற்றவர், அதன் அன்றைய விலையைத் திருப்பினால் கடன் தீராது. நூறு பங்குகளையே தர வேண்டும். அவற்றின் விலை இடையில் எவ்வளவு மாறியிருந்தாலும் அது பெற்றவரின் பொறுப்பு.

‘தனிநிறுவனமாதல்’ என்பது, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டு எவரும் வாங்கக்கூடியதாக இருந்த ஒரு நிறுவனம், பொதுமக்களிடமுள்ள பங்குகளைத் திரும்பப் பெற்றுப் பட்டியலிலிருந்து விலகுவதைக் குறிக்கும். அரசு நிறுவனத்தைத் தனியாருக்கு விற்கும் ‘தனியார்மயமாக்கல்’ இதனின்றும் வேறானது. டெஸ்லா எந்நாளும் அரசு நிறுவனமாக இருந்ததில்லை.

2. இரவல் விற்பனை இயங்கும் முறை

இவ்விற்பனையில் மூவர் தொடர்புறுகின்றனர். முதலாமவர் பங்கை நெடுங்காலம் வைத்திருக்கும் உரிமையாளர். பெரும்பாலும் பரஸ்பர நிதியம், ஓய்வூதிய நிதியம் போன்ற அமைப்பு. இரண்டாமவர் தரகு நிறுவனம். மூன்றாமவர் விற்பனையாளர். தரகு நிறுவனம் உரிமையாளரிடமிருந்து பங்கை இரவலாகப் பெற்று விற்பனையாளருக்கு அளிக்கிறது. அவர் அதைச் சந்தையில் விற்கிறார். உரிமையாளருக்கு இரவல் கட்டணம் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2005 முதல் நடைமுறையிலுள்ள ‘ரெகுலேஷன் எஸ்ஹெச்ஓ’ விதிகளின்படி, இரவலுக்குப் பங்கு கிடைக்கும் என நம்புதற்குரிய அடிப்படை இருப்பதைத் தரகு நிறுவனம் விற்பனைக்கு முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இம்முறையில் விற்பனையாளரின் காலத்தை வரையறுப்போர் இருவர். உரிமையாளர் தம் பங்கை எப்போது வேண்டுமாயினும் திரும்பக் கேட்கலாம். அவ்வாறு கேட்கும்போது வேறோர் உரிமையாளரிடம் இரவல் கிடைக்காவிட்டால், விற்பனையாளர் அன்றைய விலைக்கு வாங்கித் திருப்பியாக வேண்டும். தரகு நிறுவனமோ, விலை ஏறுந்தோறும் கூடுதல் பிணைத்தொகை கேட்கும். அதைச் செலுத்தத் தவறினால் விற்பனையாளரின் ஒப்புதல் இன்றியே பங்கை வாங்கிக் கணக்கை முடித்துவிடும். ஆக, தொடங்கும் நாளைத் தாமே தெரிவுசெய்யும் விற்பனையாளர், முடிக்கும் நாளைத் தெரிவுசெய்யும் உரிமையை முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. பங்கை ரொக்கம் கொடுத்து வாங்கியவருக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. விலை பாதியாகக் குறைந்தாலும் அவர் பத்தாண்டுகள் காத்திருக்கலாம்.

3. பிணைத்தொகைக் கணக்கு

இக்கட்டாயம் எந்த விலையில் எழுகிறது என்பதைக் கணக்கிட இயலும். அமெரிக்க விதிகளின்படி, விற்ற தொகை முழுவதும் கணக்கிலேயே இருக்க, அதனுடன் அதில் 50 விழுக்காட்டினை விற்பனையாளர் தம் பணத்திலிருந்து தொடக்கப் பிணையாகச் செலுத்த வேண்டும். அதன்பின், கணக்கிலுள்ள அவருடைய சொந்தத் தொகை, பங்கின் நடப்பு விலையில் 30 விழுக்காட்டிற்குக் குறையாதிருக்க வேண்டும். இது குறைந்தபட்ச அளவே. ஏற்ற இறக்கம் மிகுந்த பங்குகளுக்குத் தரகு நிறுவனங்கள் இதனினும் கூடுதலாகக் கேட்கலாம்.

2018 ஆகஸ்ட் 6 அன்று டெஸ்லா பங்கின் இறுதி விலை 341.99 டாலர். அவ்விலையில் ஒரு பங்கை இரவல் விற்பனை செய்தவரின் கணக்கில் விற்ற தொகை 341.99 டாலரும் பிணை ஏறத்தாழ 171 டாலரும் சேர்ந்து 512.99 டாலர் இருக்கும். பங்கின் விலை உயர உயர, இத்தொகைக்கும் விலைக்குமான வேறுபாடு சுருங்கும். 30 விழுக்காட்டு விதியின்படி, விலை 394.60 டாலரைத் தாண்டும்போது கூடுதல் பிணை கோரப்படும். தரகு நிறுவனம் 40 விழுக்காடு கேட்குமாயின், 366.42 டாலரிலேயே கோரிக்கை எழும்.

இவ்வெல்லைகள் எத்துணை அருகில் உள்ளன என்பதை அதற்கு முந்தைய வாரமே காட்டியது. ஆகஸ்ட் 1 அன்று 300.84 டாலராக இருந்த இறுதி விலை, காலாண்டு முடிவுகள் வெளியானதையடுத்து மறுநாள் 349.54 டாலராயிற்று. ஒரே நாளில் 16 விழுக்காட்டு உயர்வு. 300.84 டாலரில் குறைந்தபட்சப் பிணையுடன் விற்றவர்க்கு 30 விழுக்காட்டு எல்லை 347.12 டாலர், அதுவும் அந்த ஒரே நாளில் கடக்கப்பட்டுவிட்டது. ஏற்ற இறக்கம் மிகுந்த பங்கு என்பதன் பொருள் இரவல் விற்பனையாளரைப் பொறுத்தவரை இதுவே: எல்லைக்கும் நடப்பு விலைக்கும் இடையே ஒரு நாளின் தொலைவுகூட இல்லாதிருத்தல்.

4. 2018 ஆகஸ்ட் 7

அன்று டெஸ்லாவின் மொத்தப் பங்குகள் சுமார் 17 கோடி. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலைமைச் செயல் அலுவலர் எலான் மஸ்க்கிடம் இருந்தது. இரவல் விற்பனையில் இருந்தவை சுமார் மூன்றரைக் கோடி. அதாவது மஸ்க்கிடம் இல்லாத பங்குகளில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இரவல் விற்பனை நடந்திருந்தது. ‘மாடல் 3’ மகிழுந்தின் உற்பத்தித் தாமதமும், நிறுவனத்தின் கடன்சுமையும், ரொக்க இருப்புப் பற்றிய ஐயமும் இதற்குப் பின்னணியாக அமைந்தன.

ஆகஸ்ட் 7 நண்பகலை ஒட்டி, சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் டெஸ்லாவில் பங்கு வாங்கியுள்ளதாக ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் செய்தி வெளியிட்டது. விலை சுமார் 357 டாலரானது. நியூயார்க் நேரப்படி பிற்பகல் 12.48 மணிக்கு மஸ்க் தம் ட்விட்டர் கணக்கில், டெஸ்லாவைப் பங்கொன்றுக்கு 420 டாலர் விலையில் தனிநிறுவனமாக்க எண்ணுவதாகவும், அதற்கான நிதி உறுதியாகிவிட்டதாகவும் அறிவித்தார். தொடர்ந்த பதிவுகளில், பங்குதாரர்கள் 420 டாலருக்கு விற்கலாம் அல்லது பங்குகளை வைத்துக்கொண்டு தனிநிறுவனத்திலும் தொடரலாம் எனவும், முதலீட்டாளர்களின் ஆதரவு உறுதியாகியுள்ளது எனவும், பங்குதாரர் வாக்கெடுப்பு ஒன்றே எஞ்சியுள்ளது எனவும் தெரிவித்தார்.

இத்தகைய முக்கியச் செய்தியை வெளியிடுவதற்குக் குறைந்தது பத்து நிமிடம் முன்னதாகப் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாஸ்டாக் விதி. அவ்வாறு தெரிவிக்கப்படவில்லை. பிற்பகல் 2.08 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டு, 3.45 மணிக்கு மீண்டும் தொடங்கியது. அன்றைய இறுதி விலை 379.57 டாலர், முந்தைய நாளைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு அதிகம். பங்கொன்றுக்கு 37.58 டாலர் உயர்வு என்பதை மூன்றரைக் கோடிப் பங்குகளுடன் பெருக்கினால், இரவல் விற்பனையாளர்களின் ஒருநாள் கணக்கு இழப்பு சுமார் 130 கோடி டாலராகிறது.

5. 420 டாலர் என்னும் எண் செய்த வேலை

தனிநிறுவனமாதல் பற்றிய அறிவிப்பு, ஒரு பங்கைப் பற்றிய வினாவையே மாற்றிவிடுகிறது. அதற்கு முன்னர் வினா, நிறுவனத்தின் மதிப்பு என்ன என்பது. உற்பத்தி, விற்பனை, கடன் ஆகியவற்றை ஆராய்ந்து விடை காண வேண்டிய வினா அது. அறிவிப்புக்குப் பின், இந்தப் பரிமாற்றம் நடக்குமா என்பதே வினாவாகிறது. நடந்தால் 420 டாலர். நடக்காவிட்டால் பழைய விலை. நிறுவனத்தின் கணக்கேடுகளை நுணுகி ஆராய்ந்தவரின் உழைப்பு இப்புதிய வினாவிற்கு உதவுவதில்லை.

இவ்விரு நிலைகளுக்கு இடையில் சந்தை விலை எங்கு நிற்கிறது என்பதிலிருந்து, பரிமாற்றம் நடைபெறுவதற்குச் சந்தை அளித்த நிகழ்தகவைத் தோராயமாக மதிப்பிடலாம். முந்தைய நாள் விலையான 341.99 டாலரை அடிப்படையாகக் கொண்டால், 420-ஐ எட்ட வேண்டிய தொலைவு 78.01 டாலர். விலை கடந்த தொலைவு 37.58 டாலர். விகிதம் சுமார் 48 விழுக்காடு. அறிவிப்புக்குச் சற்று முந்தைய 357 டாலரை அடிப்படையாகக் கொண்டால், விகிதம் சுமார் 36 விழுக்காடாகக் குறைகிறது. எக்கணக்கின்படியும் சந்தை அவ்வறிவிப்பை முழுமையாக நம்பவில்லை. நிதி உண்மையில் உறுதியான, ஒப்பந்தம் கையெழுத்தான ரொக்கக் கொள்முதல்களில் பங்கு விலை, கொள்முதல் விலைக்கு மிக அருகில் வந்து நிற்பது வழக்கம். இங்கு அவ்வாறு நிகழவில்லை.

ஐயம் இருந்தது, ஆயினும் அது இரவல் விற்பனையாளரைக் காக்கவில்லை. முன்னர்க் கண்ட 40 விழுக்காட்டுப் பிணை எல்லையான 366.42 டாலரை விலை எட்டுவதற்கு, சந்தை அவ்வறிவிப்புக்கு 31 விழுக்காட்டு நிகழ்தகவு அளித்தாலே போதும். அதாவது, மூன்றில் இரு பங்கு ஐயத்துடன் கேட்கப்படும் ஒரு சொல்லும், கணக்கை முடிக்குமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தவல்லது. பொய்யான சொல் தீங்கு செய்ய, அது நம்பப்பட வேண்டும் என நாம் பொதுவாகக் கருதுகிறோம். பிணைத்தொகையின் இயல்பு அக்கருத்தைத் திருத்துகிறது: அது ஓரளவு நம்பப்பட்டாலே போதுமானது.

6. பங்குத் தட்டுப்பாடு பற்றிய அச்சம்

விலை உயர்வு ஒருபுறமிருக்க, அறிவிப்பின் அமைப்பே வேறோர் அச்சத்தை எழுப்பியது. வழக்கமான ரொக்கக் கொள்முதலில், எல்லாப் பங்குகளும் ஒரே விலையில் பணமாக மாறுவதால், இரவல் விற்பனையாளரும் அத்தொகையைச் செலுத்தி விலகலாம். அவருடைய இழப்புக்கு அக்கொள்முதல் விலையே உச்சவரம்பு. டெஸ்லா அறிவிப்பிலோ, பங்குதாரர்கள் விற்காமல் தொடரவும் வழி சொல்லப்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று வெளியிட்ட விளக்கத்தில் மஸ்க், நடப்பு முதலீட்டாளர்களின் பங்குகளில் சுமார் மூன்றில் இரண்டு தனிநிறுவனத்திற்கு மாறும் என மதிப்பிட்டார். அவ்வாறு தொடர விரும்பும் உரிமையாளர் இரவல் கொடுத்த பங்கைத் திரும்பக் கேட்பார். வாக்கெடுப்பு நடைபெறுமாயின் அதற்கும் திரும்பக் கேட்க நேரும். ஏனெனில், இரவல் தந்த பங்கின் வாக்குரிமை அதைச் சந்தையில் வாங்கியவரிடம் சென்றுவிடுகிறது. பலரும் ஒரே காலத்தில் திரும்பக் கேட்க, விற்பவர் எண்ணிக்கையும் குறைந்திருந்தால், 420 டாலர் என்பது உச்சவரம்பாக இராது.

இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 2008 அக்டோபர் 26 அன்று போர்ஷே நிறுவனம், தன்னிடம் ஃபோக்ஸ்வாகனின் 42.6 விழுக்காடு பங்குகளும், மேலும் 31.5 விழுக்காட்டுக்கான விருப்ப ஒப்பந்தங்களும் இருப்பதாக அறிவித்தது. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநில அரசிடம் சுமார் 20 விழுக்காடு இருந்தது. ஆகவே, சந்தையில் கிடைக்கக்கூடியவை ஆறு விழுக்காட்டளவே என்பது வெளிப்பட்டது. இரவல் விற்பனையில் இருந்தவையோ அதனினும் மிகுதி. இரு நாட்களில் விலை சுமார் 210 யூரோவிலிருந்து 1,000 யூரோவைத் தாண்டியது. ‘ஷார்ட் ஸ்குவீஸ்’ எனப்படும் நெருக்கடிக்கு இது பெரும் எடுத்துக்காட்டு.

இரு நிகழ்வுகளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. ஃபோக்ஸ்வாகன் பங்குகள் உண்மையிலேயே பிறர் கையில் முடங்கியிருந்தன. டெஸ்லாவில் எப்பங்கும் முடங்கவில்லை. முடங்கக்கூடும் என்னும் பேச்சு மட்டுமே இருந்தது.

7. பத்து நாட்கள்

ஆகஸ்ட் 13 விளக்கத்தின்படி, நிதி உறுதி என்பதற்கு அடிப்படை, சவுதி நிதியத்துடன் ஜூலை 31 அன்று நடந்த சந்திப்பு. ஆகஸ்ட் 16 அன்று மஸ்க்கின் நேர்காணல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. மறுநாள் பங்கு விலை சுமார் 9 விழுக்காடு குறைந்து 305.50 டாலரில் முடிந்தது. ஆகஸ்ட் 24 இரவில், டெஸ்லா பட்டியலிடப்பட்ட நிறுவனமாகவே தொடரும் என அறிவிக்கப்பட்டது. நிறுவன முதலீட்டாளர் பலர்க்குத் தனிநிறுவனத்தில் முதலிட உள்விதிகள் வரம்பிடுகின்றன என்பதும், சிறு முதலீட்டாளர்கள் தொடர்வதற்குத் தேர்ந்த வழி இல்லை என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இப்போது இரு விற்பனையாளரை ஒப்பிடலாம். இருவரும் ஆகஸ்ட் 6 இறுதி விலையான 341.99 டாலரில் விற்றனர். இருவரும் ஒரே கருத்தினர்: டெஸ்லா பங்கின் விலை மிகை, தனிநிறுவனமாதல் நடவாது. முதலாமவர், பிணை செலுத்த இயலாமல் ஆகஸ்ட் 7 இறுதி விலையில் கணக்கை முடிக்க நேர்ந்தது. அவருடைய இழப்பு பங்கொன்றுக்கு 37.58 டாலர். இரண்டாமவர் கூடுதல் பிணை செலுத்தி, ஆகஸ்ட் 17 வரை காத்திருந்து 305.50 டாலரில் முடித்தார். அவருடைய ஆதாயம் பங்கொன்றுக்கு 36.49 டாலர்.

இழப்பும் ஆதாயமும் ஏறத்தாழச் சம அளவின. இருவரின் அறிவிலோ கணிப்பிலோ வேறுபாடு இல்லை. வேறுபட்டது பத்து நாட்களைத் தாங்கும் பணவலிமை மட்டுமே. இரவல் விற்பனையில் ஈடுபடுவோர் அனைவரும் பெருஞ்செல்வர் என்னும் எண்ணத்தால், இவ்வேறுபாடு கவனிக்கப்படாமல் போகிறது. உண்மையில் அவ்வறிவிப்பு பெருஞ்செல்வரை வருத்தியதைவிட, குறைந்த பிணையுடன் நின்றவரையே வெளியேற்றியது. அறிவிப்பை நம்பி ஆகஸ்ட் 7 அன்று 380 டாலரளவில் பங்கை வாங்கிய சிறு முதலீட்டாளரும் பத்து நாட்களில் பங்கொன்றுக்குச் சுமார் 75 டாலர் மதிப்பை இழந்தார் என்பதையும் இங்குச் சேர்த்தே எண்ண வேண்டும். நம்பி வாங்கியவரும், நம்பாதிருந்தும் வெளியேற்றப்பட்டவரும் ஒரே சொல்லால் இழந்தனர்.

8. சட்டத்தின் பார்வை

செப்டம்பர் 27 அன்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் மஸ்க்மீது வழக்குத் தொடர்ந்தது. விலை உள்ளிட்ட முக்கிய நிபந்தனைகள் பற்றி நிதி தரக்கூடிய எவரிடமும் அவர் பேசியிருக்கவில்லை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அன்று 307.52 டாலராக இருந்த விலை மறுநாள் 264.77 டாலராக வீழ்ந்தது. செப்டம்பர் 29 அன்று சமரசம் அறிவிக்கப்பட்டதும், அடுத்த வணிக நாளில் 310.70 டாலராக மீண்டது. சமரசத்தின்படி, குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், மஸ்க்கும் டெஸ்லாவும் தலா 2 கோடி டாலர் செலுத்த இசைந்தனர். அவர் நிர்வாகக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். தலைமைச் செயல் அலுவலராகத் தொடர்ந்தார். அவ்வாறு திரண்ட 4 கோடி டாலர், பாதிக்கப்பட்ட முதலீட்டாளர்களுக்கு ஈடு வழங்க ஒதுக்கப்பட்டது. ஒரே நாளில் சுமார் 130 கோடி டாலர் கணக்கு இழப்பு நேர்ந்ததுடன் இதனை ஒப்பிட்டால், ஈட்டின் அளவு விளங்கும்.

முதலீட்டாளர்கள் தனியே தொடர்ந்த வழக்கு சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடைபெற்றது. ஆகஸ்ட் 7 பிற்பகல் 12.48 மணி முதல் ஆகஸ்ட் 17 வரை டெஸ்லா பங்குகளையும் அவை சார்ந்த ஒப்பந்தங்களையும் வாங்கியோரும் விற்றோரும் அதில் அடங்குவர். வாங்கியோர் என்பதில் இரவல் கணக்கை முடிக்க வாங்கியவரும் உண்டு; சட்டம் அவரையும் முதலீட்டாளராகவே கொள்கிறது. நிதி உறுதி என்னும் கூற்று உண்மையன்று என விசாரணைக்கு முன்னரே நீதிபதி எட்வர்ட் சென் முடிவுசெய்திருந்தார். எனினும், 2023 பிப்ரவரி 3 அன்று நடுவர் குழு, மஸ்க்கும் டெஸ்லாவும் பொறுப்பாகார் எனத் தீர்ப்பளித்தது. ஒரு கூற்று உண்மையன்று என்பதனால் மட்டும் அதன்வழி நேர்ந்த இழப்புக்குச் சட்டப் பொறுப்பு உண்டாகிவிடுவதில்லை. அக்கூற்று முதலீட்டாளர் முடிவுக்கு முக்கியமானது என்பதும், அதனாலேயே இழப்பு நேர்ந்தது என்பதும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை.

9. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இரவல் விற்பனையாளரின் கணிப்புச் சரியானது என இக்கட்டுரை கொண்டதற்கு மறுப்பு எழலாம். 2019 டிசம்பர் இறுதியில் டெஸ்லா பங்கு 420 டாலரைக் கடந்தது. 2020-இல் அதன் விலை எட்டு மடங்களவு உயர்ந்தது. ஆகஸ்ட் 2018-இல் ஆதாயம் கண்டு, அதே கருத்துடன் தொடர்ந்து காத்திருந்தவர் பின்னர்ப் பேரிழப்பைச் சந்தித்திருப்பார். அவ்வாறாயின், அவர் கணிப்பே பிழையன்றோ?

இம்மறுப்பு ஏற்கத்தக்கதே, ஆயினும் அது கட்டுரையின் கருத்தை வலுப்படுத்துகிறது. இரவல் விற்பனையில் ‘சரி’, ‘பிழை’ என்பவை காலத்தைச் சுட்டாமல் பொருள்படுவதில்லை. ஒரே கணிப்பு ஆகஸ்ட் 7 அன்று தோல்வி. ஆகஸ்ட் 17 அன்று வெற்றி. 2020-இல் மீண்டும் தோல்வி. முடிக்கும் நாளைத் தீர்மானிப்பவரே கணிப்பின் பயனைத் தீர்மானிக்கிறார். தனிநிறுவனமாதல் நடவாது என்னும் குறிப்பான கணிப்போ எல்லாக் காலத்திலும் சரியாகவே இருந்தது. அக்கணிப்பைக் கொண்டிருந்தவருள் ஒரு பகுதியினர் அக்கணிப்பு மெய்ப்படும் முன்னரே களத்திலிருந்து அகற்றப்பட்டனர் என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

முடிவுரை

டெஸ்லா நிகழ்விலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, இரவல் விற்பனையின் இடர், விலை ஏறுவதில் மட்டுமின்றி, முடிக்கும் காலம் பிறர் கையில் இருப்பதிலும் உள்ளது. இரண்டாவது, தனிநிறுவனமாதல் பற்றிய அறிவிப்பு, மதிப்புப் பற்றிய வினாவை நிகழ்தகவுப் பற்றிய வினாவாக மாற்றுவதோடு, பிணைத்தொகை வழியாகவும் இரவலைத் திரும்பக் கேட்கும் உரிமை வழியாகவும் அக்காலத்தைச் சுருக்குகிறது. மூன்றாவது, அவ்வறிவிப்புப் பெரிதும் ஐயுறப்பட்டாலும் இவ்விளைவு நிகழ்கிறது. பின்னர் அது கைவிடப்பட்டாலும், இடையில் வெளியேற்றப்பட்டவரின் இழப்பு மீள்வதில்லை.

இரவல் விற்பனை தடைசெய்யப்பட வேண்டுமா என்னும் நான்கு நூற்றாண்டு விவாதத்தில், அவ்விற்பனையாளர் சந்தைக்குச் செய்யும் தீங்கே பெரிதும் பேசப்பட்டுவந்துள்ளது. சந்தையில் உலவும் சொல் அவருக்குச் செய்யும் தீங்கும் அதே அளவு ஆராயத்தக்கது. நிறுவனத்தின் குறைகளைக் கண்டறிந்து சொல்பவருள் இவரும் ஒருவர் ஆதலின், அவர் பிழையால் வெளியேறுவது சந்தைக்கு இழப்பன்று. காலம் போதாமையால் அவர் வெளியேற்றப்படும்போது, அவர் கண்டறிந்த உண்மையும் விலையில் இடம்பெறாமல் அவருடன் வெளியேறிவிடுகிறது.